அம்பு வராத கட்டம்

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு அம்புக்காரி என்று பேர் வைத்தவர்கள் டிரைவர்கள்தான். யாருக்கு எந்த வண்டி, எந்த நேரம் என்று கம்ப்யூட்டரில் டூட்டி ஷீட் போடுவது அவள் வேலை. எவனாவது ஜன்னலில் தலையை நீட்டிச் சண்டைக்கு வந்தால் அவள் பதிலுக்குக் கத்தமாட்டாள். அவன் பேர் இருக்கும் கட்டத்தைத் தொட்டு ஒரு பொத்தானை அமுக்குவாள். அந்தக் கட்டம் எந்தெந்தக் கட்டங்களை நம்பி நிற்கிறதோ, அங்கிருந்தெல்லாம் நீல அம்புகள் வந்து அதில் குத்தி நிற்கும்.

"பாருங்க, உங்க லீவு இங்கேருந்து வருது, வண்டி அங்கேருந்து வருது. நான் ஒண்ணும் உங்களுக்குச் சூனியம் வைக்கல."

வந்தவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

ஷீட்டை அவளேதான் கட்டம் கட்டமாக எழுப்பினாள். அதில் அவளுக்குப் பெருமை ஓய்வு நேர வரிசைதான். டிரைவர் நேற்று எப்போது இறங்கினான், இன்று எப்போது ஏற வேண்டும் என்று அது தானே கணக்குப் பார்க்கும். இடைவெளி எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் கட்டம் சிவந்துவிடும். சிவந்த பேருக்கு வண்டி கிடையாது. மேலாளரே வந்து தலைகீழாக நின்றாலும் கிடையாது.

அவளுடைய கொழுந்தனும் அங்கேதான் டிரைவர். வீடும் ஒன்றுதான். கீழே அவளும் கணவனும், மாடியில் கொழுந்தனும் ஓரகத்தியும்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக அவள் லீவில் படுத்திருந்தபோதுதான் அது நடந்தது. கொழுந்தன் ஓட்டிய வண்டி காலையில் வளைவில் திரும்பாமல் நேரே போய் நிறுத்தத்தில் ஏறியது. அங்கே நின்றிருந்த தையல்காரப் பெண்ணுக்கு ஒரு கால் போய்விட்டது. ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டான் என்றார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ஆபரேஷன் தையல் ஆறுவதற்குள் அவள் ஆபீசுக்குப் போய் ஷீட்டைத் திறந்தாள். விபத்து நாளில் கொழுந்தன் பேர் பச்சையாக இருந்தது. எப்படி? முந்தின நாள் கடைசி வண்டியை ஓட்டி முடித்துவிட்டு அவன் வீடு வந்ததையும், விடியுமுன் மறுபடி கிளம்பியதையும் படுக்கையில் கிடந்தபடி அவளே கேட்டிருந்தாள். பேர்க் கட்டத்தில் பொத்தானை அமுக்கினாள். அம்பு அனுமதிக் கட்டத்தைக் காட்டியது. அங்கே அமுக்கினாள், ஓய்வு நேரத்தைக் காட்டியது. அங்கேயும் அமுக்கினாள். அம்பே வரவில்லை. உள்ளே ஃபார்முலா இல்லை. வெறும் ஒன்பது. மேலும் கீழும், டிரைவர் அத்தனை பேருக்கும், கையால் அடித்த ஒன்பது. மாற்றியது யார் என்று பார்த்தாள். மேலாளர்.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஆள் இல்லம்மா. வண்டி ஓடணுமே, என்ன பண்ணச் சொல்ற?" என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே.

"விசாரணைல இதைச் சொல்வேன் சார்."

"தாராளமாச் சொல்லு."

அவர் ஏன் பயப்படவில்லை என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

விசாரணையில் சுவரில் ஷீட்டைப் போட்டு, அம்புகளைப் பின்தொடர்ந்து அந்த ஒன்பதுவரை காட்டினாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். "முந்தின நாள் எனக்குப் போதிய ஓய்வு இருந்தது. இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போய்விட்டுத் தூங்காமல் வந்தது என் தவறு." கீழே கொழுந்தன் கையெழுத்து.

"இதுல எதும்மா நிஜம்?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. குற்றத்தை ஏற்றுக்கொண்டால் டிரைவர் வேலை போனாலும் கேட் காவலாளி வேலை தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார், அவனும் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறான். வீட்டில் அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை.

மேலாளரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். நிர்வாக அவசரம் என்று எழுதிக்கொண்டார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காகக் கொழுந்தனை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று மாலை ஓரகத்தி மாடிப்படியிலேயே அவளை மறித்தாள்.

"கேட்டுல நின்னாவது கஞ்சி குடிச்சிருப்போம். உங்களை யாரு கேட்டாங்க அக்கா?"

"அப்படி எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியாதேம்மா."

"தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருப்பீங்களா?"

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

மேலே நின்றிருந்த கொழுந்தன் மெதுவாகக் கேட்டான். "அண்ணி, இதை எனக்காகப் பண்ணீங்களா, உங்க ஷீட்டுக்காகப் பண்ணீங்களா?"

"என்னப்பா இப்படிக் கேக்கற?" என்றாள். அதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது வாயில் வரவில்லை என்பதுதான் அவளைப் பல நாள் அரித்தது.

அந்த மாதமே அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் கணவன் தம்பியின் பீரோவைத் தோளில் தாங்கி இறக்கிக் கொடுத்தான். கொழுந்தன் இப்போது தண்ணி லாரி ஓட்டுகிறான். ராத்திரி பகல் கிடையாது, முதலாளி போன் போட்டால் ஓட வேண்டும். ஓய்வு என்ற பேச்சையே அங்கே யாரும் எடுப்பதில்லை.

"ஒரு தடவை போன் பண்ணிப் பேசேன்" என்றான் கணவன் ஒரு நாள்.

"என்னன்னு பேசறது?" என்றாள் அவள்.

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.