சட்டை உங்களுடையதாக இருந்தால்?

நகரசபைக் கூட்டத்தில் சிறிதேவி பேச மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். கையிலிருந்த தாளை வீட்டில் பதினைந்து தடவையாவது வாசித்துப் பழகியிருந்தாள். ஒஸ்லோவின் எல்லையை ஒட்டிய அந்த நகரசபையின் பள்ளிக்கூடங்களைத் துடைக்கும் முப்பத்திரண்டு பேருக்காக ஒரே கோரிக்கை: துப்புரவு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம் மணிக்கு இருபது குரோனர் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று நகரசபை நிபந்தனை போட வேண்டும்.

அவளுடைய முறைக்குச் சற்று முன்னால் சபையின் சட்ட ஆலோசகர் எழுந்தார். துப்புரவுத் தொழிலுக்கு நாடு முழுவதும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. அதற்கு மேல் கொடு என்று தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த நகரசபைக்கு அதிகாரமில்லை என்றார். அவ்வளவுதான். பழகி வைத்த பேச்சு முழுவதும் வீணாயிற்று.

பின்வரிசையில் அவளது நிறுவன மேலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தார். யாருக்கு எங்கே வேலை என்று தீர்மானிப்பவர் அவர்தான்.

"அக்கா, எழும்புங்கோ, போவம்," என்றாள் அருகிலிருந்த நிலூஜா. அவளும் அதே பள்ளிக்கூடத்தில் துடைப்பவள். "அந்தாள் எங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்குது."

"பாக்கட்டும். என்ரை முகம் அவருக்குப் புதுசே?"

சபைத் தலைவி நோரா ஒலிவாங்கியில் கேட்டார்: "கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறீர்களா?"

சிறிதேவி தாளை மடித்தாள். தாளில் இல்லாத நோர்வேஜியச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பேசினாள்.

"பதினொரு வருடமாக ஒரே பள்ளிக்கூடம். ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறும்போதெல்லாம் எனக்கு வேலைச் சட்டை மாறும். நீலம், பச்சை, சாம்பல், இப்போது சிவப்பு. வாளி அதே வாளி. சிவப்புச் சட்டைக்காரரிடம் கூட்டிக் கொடுக்கச் சொல்ல உங்களால் முடியாது. சரி. சட்டை உங்களுடையதாக இருந்தால்?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்த ஊழியர் என்றால் தொழிற்சங்கத்தோடு பேசிக் கூடுதலாகக் கொடுக்கலாம். தடையில்லை."

பின்வரிசையில் சிரிப்பு நின்றது.

உறுப்பினர் ஒருவர் அங்கேயே ஒரு திருத்தம் எழுதி நீட்டினார்: இந்த ஒப்பந்தம் முடிந்ததும், துடைக்கும் வேலையையும் அதைச் செய்பவர்களையும் நகரசபையே ஏற்க வேண்டும். "செலவு யார் தலையில்?" என்று இன்னொருவர் சத்தம் போட்டார். கைகள் உயர்ந்தன. நோரா எண்ணினார், நம்பாமல் மறுபடியும் எண்ணினார். ஆதரவு பத்தொன்பது, எதிர்ப்பு பதினெட்டு.

"வெண்டிட்டம், அக்கா!"

"பொறு பிள்ளை. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாசம் கிடக்கு. அதுவரைக்கும் எங்களை அங்கை விட்டு வைக்கோணுமே."

வாசலில் மேலாளர் வழிமறித்தார். "நாளையிலிருந்து உங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வேலை."

சிறிதேவி விலகவில்லை. "காரணத்தோடு எழுதித் தாருங்கள். சங்கத்துக்குக் காட்ட வேண்டும்."

அவர் அவளையும், பின்னால் வந்து நின்ற நிலூஜாவையும் பார்த்தார். எழுதவில்லை. "பிறகு பேசலாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் அதே பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்தாள்.