என் கணவர் உட்கார்ந்த விமான இருக்கை

எங்கள் மகளுக்கு ஒரு வயது நிறைந்த சமயம் அது. மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கமுள்ள செம்பனைத் தோட்டங்களை மேலிருந்து படமெடுக்கும் சிறிய விமானத்தை ஓட்டுவது என் கணவரின் வேலை. நிறுவனத்தின் குடும்ப தினத்தன்று என்னையும் ஒரு சுற்று அழைத்துப் போவதாகச் சொன்னார். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, போகலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டேதான் ஏறினேன்.

தரையை விட்டு எழும்பவே இல்லை. ஓடுபாதைக்குத் திரும்பும் வளைவில் அவர் பிரேக்கை மிதித்ததும், கடகடவென்ற சத்தத்தோடு அவருடைய இருக்கை பின்னால் ஓடியது. "காலு எட்டலமா!" என்று கத்தினார். விமானம் புல்லில் இறங்கி, மண்வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. இருவருக்கும் சிராய்ப்புதான்.

நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்து இருக்கையை உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லாத்தானே லாக் ஆவுது? லேட்டா மிதிச்சிட்டு சீட்டு மேல பழி போடுறாரு லா."

நான் பார்த்ததைச் சொன்னேன்.

"பொண்டாட்டி வேற என்னா சொல்லுவீங்க, தங்கச்சி?" என்று சிரித்தார்.

வேலையோடு விமானி உரிமமும் போய்விடும் நிலை. வீட்டில் கணவரே தடுமாறத் தொடங்கினார். "நெசமாவே நான்தான் லேட்டா மிதிச்சேனோ?" பூட்டிய கேட்டையே திரும்பிப் போய் ஆட்டிப் பார்க்கிறவள் நான். எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் மகளுக்குத் தடுப்பூசி. காரில் ஏறியதும் ஸ்டீயரிங் வயிற்றில் இடித்தது. நான் அவரைவிட உயரம். அவர் ஓட்டிய பிறகு சீட்டைப் பின்னால் தள்ளித்தான் உட்கார முடியும். சட்டென்று புரிந்தது. விமான இருக்கையை அது பின்னால் ஓடி நின்ற இடத்திலேயே சோதித்திருக்கிறார்கள். குள்ளமான அவர் உட்காரும் இடத்தில் சோதிக்கவே இல்லை.

ஊசி போட்ட அழுகை ஓயாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, விமானத்தை இழுத்து வைத்திருந்த கொட்டகையில் மேற்பார்வையாளர் முன் போய் நின்றேன்.

"அண்ணே, சீட்ட நல்லா முன்னுக்கு இழுத்துப் பூட்டிட்டு, நீங்களே உக்காந்து மிதிங்க."

"விட மாட்டீங்க போல லா," என்றபடி ஏறினார். மிதித்தார். அதே கடகட. "ஐயோயோ!" என்று பின்னால் போய் முட்டி நின்றார். இருக்கை நகரும் தண்டில் முன்பக்கத் துளை தேய்ந்து, பூட்டும் சிறு கம்பி அதில் நிற்காமல் வழுக்கியிருக்கிறது.

இறங்கி முழங்காலைத் தடவியவர், "ரிப்போர்ட்ட மாத்திடுறேன்மா," என்றார்.

சந்தேகப்படும் குணம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் இப்போதெல்லாம் உட்கார்ந்து மருகாமல், எழுந்து போய்ச் சரிபார்த்துவிடுகிறேன்.