காலி டப்பா அக்கா

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனால் பதினோராயிரம் பேர் அவளைக் காலி டப்பா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைப் பற்றி இனிமேல் யாராவது எழுதினால் தப்பாகத்தான் எழுதுவார்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அங்கங்கே வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு பல் ஆஸ்பத்திரியில் வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். பல்வலியோடு வருகிறவர்கள் முதலில் எரிந்து விழுவது அவள்மேல்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முன்னாடி எத்தனை பேரு?" என்று கேட்பார்கள். ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது என்றே சொல்வாள். டாக்டரே ஒருமுறை, "கொஞ்சம் குறைச்சுச் சொல்லும்மா, எழுந்து போயிடறாங்க" என்று சொல்லிப் பார்த்தார். "உக்காந்தப்புறம் என்னைத்தானே சார் திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு ஆறே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, நானும் அவளும்தான். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன்.

முப்பது வயதில் அவளுக்கு மங்கு வந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டின் மேலும் காப்பிக்கறை மாதிரி திட்டுத்திட்டாக. அதற்கப்புறம் அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்கள்கூட "முகத்துல என்னம்மா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவளும் போனில் பளபளவென்று சிரிக்கிற பெண்கள் சொன்ன கிரீமையெல்லாம் வாங்கினாள். எதற்கும் மங்கு கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பெண்களுக்கு அதெல்லாம் ஓசியில் வருகிறது, திறந்து ஒரு விரல் தடவிக் காட்டிவிட்டு அடுத்த டப்பாவுக்குப் போய்விடுகிறார்கள் என்று.

"ஓசியில குடுத்தவனைப் பத்தி எவடி குறை சொல்லுவா? அதுவும் ஒரு நாள் தடவிட்டு என்ன தெரியும்?" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அவளுடைய வீடியோ.

அவள் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று. தன் காசில் வாங்கி, டப்பா காலியாகிற வரைக்கும் தடவி, அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள். டியூபாக இருந்தால் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்து எடுத்துவிடுவாள். ஒரு டப்பாவுக்கு இரண்டு மாதம், சிலதுக்கு நாலு மாதம். வருஷத்துக்கு ஐந்து வீடியோ வந்தால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து, பவுடர்கூடப் போடாமல், காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் பேசுவாள். போனைப் பிடிக்கிறது நான். பெரும்பாலும் அவள் சொல்வது இதுதான்: "டப்பா காலி. என் முகம் அப்படியேதான் இருக்கு. நீங்களே பாத்துக்குங்க."

இதைப் பார்க்கவா பதினோராயிரம் பேர் என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் மங்கு உள்ளவர்கள். முகத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், போட்டோ எடுக்கும்போது ஓரமாக நிற்கிறவர்கள். அக்கா ஒரு கிரீமை வேண்டாம் என்று சொன்னால் அவர்களுக்கு ஒரு மாதச் செலவு மிச்சம். அவள் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டாவது குழந்தைக்கு அப்புறம் அவளுக்கும் மங்கு. புருஷன் ஒரு மாதிரி பேசுகிறவன். எந்தக் கடைக்குப் போனாலும் அங்கிருந்தே போன் போட்டு, "அக்கா, இது காலி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள்.

இப்படி நாலு வருஷம் போயிற்று. போன வருஷம் அந்தப் பெட்டி வந்தது.

ஒரு புது கம்பெனி. ரோஜாப்பூ நிறத்தில் பெட்டி, மூடியில் அக்காவின் பேர் பொன்னெழுத்தில். உள்ளே வெள்ளைக் காகிதத்தைச் சன்னமாக நறுக்கிப் போட்டு, நடுவில் ஐம்பது கிராம் கிரீம் டப்பா. கூடவே ஒரு கடிதம்: உங்கள் நேர்மையை மதிக்கிறோம் என்று. அக்கா அதை மூன்று தடவை படித்தாள். அவளுக்கு இதுவரைக்கும் யாரும் பொட்டலம் கட்டி எதுவும் கொடுத்ததில்லை. நான்கூடக் கொடுத்ததில்லை. அந்தப் பெட்டியை அன்று முழுக்கக் கட்டில்மேலேயே வைத்திருந்தாள். நறுக்கின காகிதத்தைக் கையில் அள்ளிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தேன் ஒழுகுகிற குரல். "மேடம், ஒண்ணாம் தேதி கடைக்கு வருது. பத்து நாளுக்குள்ள வீடியோ போட்டுடுங்க. உங்க ஸ்டைல்ல, காலி டப்பாவோட. கிஃப்ட்னு சொல்ல வேண்டாம், இயல்பா இருக்கட்டும்."

"பத்து நாள்ல எப்படிம்மா காலியாகும்? ரெண்டு மாசம் ஆகும்" என்றாள் அக்கா.

"அப்போ வேற ஒருத்தங்களுக்குக் குடுத்துடலாம் மேடம், பரவாயில்ல" என்றாள் அவள்.

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திருப்பி அனுப்பிவிடு என்று நான் சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பாள். அது எனக்குச் சத்தியமாகத் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு கிண்ணத்துல வழிச்சு வச்சுட்டு டப்பாவைக் காட்டேன். கிரீமை அப்புறமா நிதானமாத் தடவிக்கோ. எவனுக்குத் தெரியப் போகுது? நாலு வருஷமா நாயா உழைக்கிற, ஒரு தடவை உனக்கும் ஒண்ணு கெடைக்கட்டுமே." சொன்னதோடு நிற்காமல் ஸ்பூனையும் எவர்சில்வர் கிண்ணத்தையும் நானே கொண்டுவந்து, நானே வழித்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதாவது நல்லதாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீடியோவில் அவள் அதிகம் பேசவில்லை. டப்பாவைக் கவிழ்த்தாள். "காலி. நல்லா இருக்கு. நம்பி வாங்கலாம்" என்றாள். நாலு வருஷத்தில் அவள் வாங்கலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. எக்ஸ்ரே பெண் மறுநாளே இரண்டு டப்பா வாங்கிவிட்டாள்.

மூன்றாவது நாள் ஒருத்தி கீழே எழுதினாள்: "இந்த கிரீம் கடைக்கு வந்தே பன்னிரண்டு நாள்தான் ஆகுது. ஐம்பது கிராம் டப்பா எப்படிக் காலியாச்சு? சோத்துல பெசஞ்சு தின்னுட்டீங்களா அக்கா?"

அவ்வளவுதான். சிரிப்பும் வசவுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். காலி டப்பா அக்கா ஒரே நாளில் ஓசி டப்பா அக்கா ஆனாள். நான் உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் பதிலுக்குப் பதில் எழுதிச் சண்டை போட்டேன். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகப் போயிற்று. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனைப் பிடிக்கச் சொன்னாள். கிரீம் இலவசமாக வந்தது, கிண்ணத்தில் வழித்து வைத்தது, இன்னும் ஒரு தடவைகூடத் தடவவில்லை என்பது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். என் பேரை மட்டும் சொல்லவில்லை. "இனிமே இதைத் தினமும் தடவி, முடிச்சுட்டு வந்து உண்மையைச் சொல்றேன்" என்றாள்.

"அதைத் தூக்கிச் சாக்கடையில கொட்டு" என்றேன் நான்.

"சொல்லிட்டேன்டி. முடிக்கணும்" என்றாள்.

காலையும் மாலையும் தடவினாள். மூன்று வாரத்தில் கன்னம் தெளிந்தது. பதினைந்து வருஷத்துத் திட்டு மங்கிப் போய், சின்ன வயதில் இருந்த முகம் திரும்பி வந்தது. கண்ணாடி முன்னால் அவள் நிற்கிற நேரம் கூடியது. சரி, பொய்யாகச் சொன்னதும் உண்மையாகிவிட்டது, கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். ஆறாவது வாரம் முகம் எரிய ஆரம்பித்தது. வெயிலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாலே கொதிக்கிற தண்ணீர் பட்டாற்போல் சிவந்துவிடும். தோல் உரிந்த இடமெல்லாம் முன்னைவிடக் கறுப்பாகத் தடித்தது. தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "டாக்டர் சொல்லாம தடவவே கூடாத மருந்து இதுல கலந்திருக்கற மாதிரி இருக்கு. இன்னையோட நிறுத்துங்க. சீக்கிரம் நிறுத்தினா சீக்கிரம் ஆறும், இழுத்தா ஆறாது" என்றார்.

அக்கா வீட்டுக்குக்கூட வரவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். எக்ஸ்ரே அறைக் கதவைத் தட்டினாள். அங்கே நடந்ததை அவள் எனக்கு வரிக்கு வரி சொன்னாள், அதனால் நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் பெண் ராத்திரி மட்டும்தான் தடவுவாள், அதனால் அவளுக்கு அப்போதுதான் முகம் தெளிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புருஷன் அவளைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்திருக்கிறான். அதைக் காட்டினாள். அக்கா, "உடனே நிறுத்திடும்மா. என் முகத்தைப் பாரு" என்றாள்.

"நீங்க கிண்ணத்துல தெறந்து வச்சதைப் போட்டீங்க. கெட்டுப் போயிருக்கும். நீங்கதானே அக்கா வீடியோவுல சொன்னீங்க? நான் டப்பாவுலேர்ந்து போடறேன். எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"கிண்ணத்தால இல்லம்மா. டாக்டரம்மா சொன்னாங்க."

அந்தப் பெண் போட்டோவை உள்ளே வைத்தாள். அப்புறம் மரியாதையாகவே கேட்டாள்: "அன்னைக்கு ஓசியில வாங்கிக்கிட்டு நல்லதுன்னு சொன்னீங்க. இன்னைக்கு யார்கிட்ட என்ன வாங்கிக்கிட்டு கெட்டதுன்னு சொல்றீங்க?"

அக்கா நேரே வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலமே எரிகிற முகத்தோடு வீடியோ எடுத்தோம். நானூறு பேர் பார்த்தார்கள். போட்டிக் கம்பெனி எத்தனை பெட்டி அனுப்பியது என்று கேட்டார்கள். முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடிக்கிறாள் என்றார்கள். கிண்ணத்தில் வைத்தால் புழுகூடத்தான் வரும் என்றார்கள். கம்பெனிக்கு அந்தக் கிண்ணம் ரொம்பச் சௌகரியமாகப் போயிற்று. "திறந்து வைத்துப் பயன்படுத்தியதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் அக்கா பட்ட பாடு இருக்கிறதே, அதை எதிரிக்கும் நினைக்க மாட்டேன். வாசல் மேஜையிலிருந்து பார்த்தால் எக்ஸ்ரே அறைக் கதவு தெரியும். தினமும் அந்தப் பெண் வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெளிகிற அழகு எத்தனை நாளைக்கு என்று அவளுக்குத் தெரியும், விரல் விட்டு எண்ணுவாள். வழியில் நிறுத்திக் கெஞ்சினாள். டாக்டரைச் சொல்லச் சொன்னாள், "அது பல் சமாச்சாரம் இல்லையேம்மா" என்று அவர் நழுவிவிட்டார். கடைசியில், ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத என் அக்கா, அந்தப் பெண்ணின் கைப்பையிலிருந்து டப்பாவைத் திருடிக் குப்பையில் போட்டாள். மாட்டிக்கொண்டாள். எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெண் எதுவும் கத்தவில்லை, போகிற வழியில் இன்னொரு டப்பா வாங்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவளுடைய கைப்பை எக்ஸ்ரே அறை அலமாரியில் பூட்டு போட்டு இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தாள். உட்கார்ந்து அதை எடுத்தபோது நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அக்கா முகத்துக்கு வந்ததைவிட மோசம். இமைகூட வீங்கியிருந்தது.

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையை விலக்கவில்லை.

"உங்களோட சண்டை போட வரலக்கா. ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்" என்றாள். "என் பையன் படிக்கிற ஸ்கூல் ஆயா ஒருத்தங்க, போன மாசம், இது என்ன கிரீம், வேண்டாமேன்னாங்க. நிறுத்தலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் நீங்களும் நிறுத்துன்னு சொன்னீங்களா, அதனாலயே நிறுத்தலக்கா. நீங்க சொன்னா அதுக்குப் பின்னாடி யாரோ குடுத்த காசு இருக்கும்னு தோணிச்சு."

 வழித்துக் கொடுத்தது நான்தான், என்னைத் திட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு எழுந்து போய், தோல் டாக்டரம்மாவின் பேரையும் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். "நல்லா பாக்கறாங்கம்மா. இன்னைக்கே போ. நான் கூட வரேன்."

அந்தப் பெண் தாளை வாங்கவில்லை. துப்பட்டாவைத் திரும்பச் சுற்றிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. நீங்க சொல்ல வேண்டாம். நான் வேற யார்கிட்டயாவது கேட்டுப் போய்க்கறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.