எல்லாம் சேர்ந்தால்தான் ஏழு

கமறியா டீச்சர் என் மானத்தை வாங்கிய அந்தச் சனிக்கிழமையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தலவாக்கலை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பக்கீரின் மகள் அவர். 1961இல் பயிற்சிக் கலாசாலையை முடித்த கையோடு, சின்னப் பிள்ளைகளுக்கு எண் கற்பிப்பது எப்படி என்று தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். டவுன் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை கிடைத்தது. ஆளுக்கொரு பள்ளியைத் தனியாக நடத்திவந்த நாங்கள் ஏழு பேர் சனிக்கிழமைதோறும் போனோம். எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம், அவருக்கு வயதே இருபத்து நாலு. எப்படி இருந்திருக்கும் எனக்கு?

முதல் நாளே மல்லுக்கு நின்றேன். "நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுதுங்க டீச்சர். கல்ல எண்ணச் சொல்லிட்டு 'அஞ்சக் குடு'ன்னா, ஒரே ஒரு கல்லத் தருதுங்க. அடிச்சாலும் திருந்தல."

"எந்தக் கல்ல, வடிவேல் மாஸ்டர்?"

யோசித்தேன். "அஞ்சாவதா எண்ணினத."

"லயத்து வரிசையில அஞ்சாம் காம்பரான்னா எத்தன வீடு?"

"ஒன்னு."

"அப்ப புள்ள சரியாத்தான் தந்திருக்கு. அஞ்சுன்னா அதுக்கு அந்த ஒரு கல்லோட பேரு. அப்படி இல்லன்னு நீங்க சொல்லிக் குடுக்கல. அடிச்சிருக்கீங்க."

எல்லோர் முன்னாலும்! வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தேன். ஆனால் திங்கட்கிழமை பிரம்பைத் தொட வெட்கமாக இருந்தது. அதை அலமாரிக்கு மேல் எறிந்தேன்.

அதன்பின் பள்ளியில் ஒப்புவித்தல் இல்லை. ஒவ்வொரு கல்லாக வைத்து, ஒவ்வொரு முறையும் குவியல் முழுவதையும் கையால் வளைத்துக் காட்டி, "இவ்வளவும் ரெண்டு, இவ்வளவும் மூணு" என்போம். ஒரு தவணை முழுக்கப் பத்தைத் தாண்டவில்லை.

விஷயம் பள்ளிகளைச் சோதிக்கும் வித்தியாதரிசியின் காதுக்குப் போனது. பிள்ளைகள் நூறு வரை ஒப்புவிக்காவிட்டால் சனிக்கிழமை வகுப்பை மூடிவிடுவாராம். முதலில் என் பள்ளிக்குத்தான் வருகிறாராம். நான் பதறிப்போய் டீச்சரிடம் ஓடினேன்.

"ஒரு வாரம் போதும் டீச்சர், உருப்போட வச்சிடுறேன்."

"உருப்போட்டுக் காப்பாத்துற வகுப்பு எனக்கு வேணாம் மாஸ்டர்."

சொன்ன நாளில் வித்தியாதரிசி வந்தார். டீச்சரும் வந்திருந்தார். ஒப்புவிக்கச் சொன்னதும் ஐந்து வயதுக் காளியாயி பத்தோடு நின்றுவிட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

"அவகிட்ட ஏழு கேட்டுப் பாருங்க சேர்," என்றார் டீச்சர்.

கேட்டார். காளியாயி ஏழு கற்களை எண்ணி, இரண்டு கையாலும் அள்ளி நீட்டினாள். அவர் அதில் ஒன்றை மட்டும் எடுத்து, "இதுதானே ஏழு?" என்று மடக்கினார்.

"அது ஒன்னுதாங்க. எல்லாம் சேந்தாத்தான் ஏழு."

அவருடைய முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரமே வகுப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது, டவுன் அறையைப் பூட்டினார்கள். பக்கீர் தன் கடையின் பின்னறையில் துணிமூட்டைகளை ஒதுக்கி இடம் செய்தார். ஏழு பேரும் அங்கே உட்கார்ந்து படித்தோம்.

அதன்பின் வித்தியாதரிசியிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உத்தரவை மீறி வகுப்புக்குப் போகும் ஆசிரியரின் பெயரை உடனே தெரிவிக்க வேண்டுமாம். பெயர் அவர் கைக்குப் போனால் வேலையும் போகும். ஆனாலும் பதில் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. மற்ற ஆறு பேரும் அதன் கீழேயே போட்டார்கள். அடியில் காளியாயி சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஏழு பேரையும் விலக்கி, ஏழு பள்ளிக்கூடத்தை ஒரே நாளில் மூட வித்தியாதரிசிக்குத் துணிச்சல் இருந்ததா? அடுத்த சனிக்கிழமையும் நாங்கள் போனோம்.