வயிற்றுக் கட்டை அவிழ்த்த வருஷம்

பழைய நூல் புடவையை நாலாக மடித்து, வயிற்றைச் சுற்றி இறுக்கி முடிந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? அதுவும் தாம்பரத்து மே மாத வெயிலில்? வியர்வையும் பவுடரும் கலந்த ஒரு புளித்த வாடை... இன்றைக்கு நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை போர்ஷன். என் மகள் சிசேரியனில் பிறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குக் கட்டிய கட்டை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

மூன்று மாதம் வெயிட் தூக்க வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் அது ஆயுசுக்கும் என்று ஆகிவிட்டது. குடம் தூக்காதே. அரிசிப் பையைத் தொடாதே. அதெல்லாம் கூடப் பரவாயில்லை...

குழந்தையைத் தூக்காதே!

என் கணவரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். குழந்தையைக் குளிப்பாட்டுவது, தோளில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். நான் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் மடியில் கொண்டு வந்து வைப்பார். பால் குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் குழந்தை குப்புற விழுந்து அழுதது. கைக்கெட்டும் தூரத்தில் நான் இருந்தேன். அது என்னைத் தாண்டித் தவழ்ந்து போய் அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், அதைச் சொல்ல என்ன வெட்கம்? பெற்றவள் நான்.

ஆனால் தூக்கவும் முடியவில்லையே! குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். படுக்கையிலிருந்து எழ வேண்டுமானால் ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டும். வயிற்றில் பலமே இல்லை. பலமில்லை என்று கட்டு, கட்டு இருக்கிறதே என்று வயிறு இன்னும் சோம்பேறி... இப்படியே பத்து மாதம்.

பக்கத்து போர்ஷன் ஸ்டெல்லாதான் முதலில் கேட்டாள். என் வயசுதான். ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செக்‌ஷனில் ஆயா வேலை.

"இன்னாக்கா இது, பார்சலாட்டம் கட்டிகினு கீற? துணியா உன் கொயந்தைய தூக்கப் போவுது?"

அவளே என்னை அழைத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த மேடம் தையலைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். "புண் ஆறி எவ்வளவோ நாள் ஆச்சேம்மா, இன்னும் ஏன் கட்டு?" என்று கேட்டுவிட்டு, ரோனியோ மெஷினில் நகல் எடுத்த ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்தார்.

மல்லாந்து படு. முழங்காலை மடக்கு. மூச்சை விட்டுக்கொண்டே தொப்புளை முதுகுப் பக்கம் உள்ளே இழு. பத்து எண்ணு.

அவ்வளவுதானா என்று நினைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் தொடை நடுங்கியது!

காலையில் கணவர் மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவார். அண்ணி மார்க்கெட் போகும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு, கோரைப் பாயில் ஆரம்பிப்பேன். பத்து வந்தது. இடுப்பைத் தூக்கி நிறுத்துவது வந்தது. உடனே எனக்குத் திமிரும் வந்தது. தாளில் இல்லாத வேலை... பீரோவுக்கு அடியில் இரண்டு காலையும் செருகி, தம் கட்டி எழுந்து உட்கார்ந்தேன். முப்பது தடவை. பீரோ மேலிருந்த டிரங்குப் பெட்டி கடகடவென்று ஆடியது.

மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் படுக்கை. குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"குடும்பப் பொண்ணு பண்ற வேலையாடி இது? குடல் எறங்கிடும்! அப்புறம் யாரு பாக்கறது?" என்று அண்ணி கத்தினார்.

கணவர், "அக்கா சொல்றதக் கேளேன். எதுக்கு வம்பு?" என்றார்.

வம்புதான். இருக்கட்டுமே! மூன்றாம் நாள் வலி விட்டதும் முதலிலிருந்து தொடங்கினேன். தாளில் உள்ளபடி, மெதுவாக. இந்தத் தடவை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். கட்டை அவிழ்த்துத் துவைத்து, நடுக் கொடியில் எல்லோரும் பார்க்கக் காயப்போட்டேன். அப்புறம் அது கரித்துணி ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, காட்டாங்குளத்தூரில் ஒரு கிரகப்பிரவேசம். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டு, கூட்டம். அண்ணி இடுப்பில் குழந்தை. பாதிப் படியில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"குடுங்க அண்ணி."

"படியில போய் வேணாம்டி. விழுந்து வைக்காதே."

"என் குழந்தைதானே? குடுங்க."

வாங்கினேன். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை விட்டு, ஒவ்வொரு படியாக. குழந்தை அண்ணியைப் பார்த்து, கையை நீட்டி, ஊரைக் கூட்டி அழுதது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நான் என்னவோ பிள்ளை பிடிக்கிறவள் மாதிரி பார்த்தார்கள். அழட்டும் என்று ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அழுகை விக்கலானது. மறுபக்கம் இறங்கும்போது என் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணி கெட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு காலத்தில் ஆபரேஷன் ஆகி, யாரோ தூக்காதே என்று சொல்லி, அப்படியே பயந்து வாழ்ந்துவிட்டார். அந்தப் பயத்தை என் தலையிலும் கட்டப் பார்த்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது. கலர் கலராக யோகா மேட், போனில் வீடியோ, "கோர் வொர்க்கவுட்" என்று பெயர் வேறு. என் மகளுக்குப் போன வருஷம் சிசேரியன். பிசியோ மேடம் வார்டுக்கே வந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஒரு பெருமூச்சு வந்தது.

அவர் போனதும் சம்பந்தியம்மா ஆரம்பித்தார். "இனிமே குழந்தையத் தூக்கற வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ படுத்தே இரு."

நான் தொட்டிலில் இருந்து பேரனை எடுத்தேன். நேராகக் கொண்டு போய் என் மகள் கையில் கொடுத்தேன்.

"அவ புள்ளைய அவ தூக்கட்டும், சம்பந்தி."

சம்பந்தியம்மாவுக்குக் கோபம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பேசாவிட்டால் போகட்டும்.