தலைகீழாகச் சாத்திய மண்வெட்டி

கத்பர்ட் ஹெட்லி உள்ளே நுழைந்தால் இரும்புக் கடைக்காரர் தேநீர் போடப் போய்விடுவார். ஒரு களைக்கொட்டு விற்க அரை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியும். கத்பர்ட் முதலில் வர்ணம் பூசிய பிடிகளை எல்லாம் ஒதுக்குவார். “பெயின்ட் அடிச்சிருக்கான்னா எதையோ மறைக்கிறான்” என்பார். மிச்சத்தைச் சன்னலோரம் எடுத்துப்போய் மரத்தின் ரேகையைப் பார்ப்பார். ரேகை பிடியோடு நேராக ஓட வேண்டும். நடுவில் எங்காவது பக்கவாட்டில் நழுவினால் அந்த இடத்தில் ஒருநாள் ஒடியும். இரும்பும் மரமும் சேரும் இடத்தில் வெறும் குழல் மட்டும் இருந்தால் வேண்டாம். இரண்டு இரும்புப் பட்டைகள் மரத்தின் மேலேறி ஆணியோடு இறுகியிருக்க வேண்டும். அதன்பின் கடையின் நடுவிலேயே நின்று, இல்லாத மண்ணைக் கொத்திப் பார்ப்பார். குனிய வேண்டியிருந்தால் பிடி குட்டை என்று அர்த்தம். கடைசியாக விரல் முட்டியால் தகட்டைத் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பார்.

அந்தத் தட்டல் சுரங்கத்தில் பழகியது. வட இங்கிலாந்தில் டர்ஹாம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை தொடங்கும் முன் கூரைப் பாறையைக் கழியால் தட்டுவார்கள். கணீரென்றால் உட்காரலாம். உள்ளே வெற்றிடம் இருப்பது போலப் பொத்தென்றால் ஓட வேண்டும். கத்பர்ட் நாற்பது வருஷம் தட்டியே உயிரோடு மேலே வந்தவர். சுரங்கம் மூடிய பிறகு தட்டுவதற்குப் பாறை இல்லாமல் எங்களை எல்லாம் தட்டத் தொடங்கினார்.

எங்கள் தோட்டம் ரயில் பாதைக்கும் சுரங்கக் கழிவைக் கொட்டிய பழைய கரிமேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நகராட்சி நிலம், துண்டு துண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு துண்டு கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் துண்டு தோட்டத்து நடைபாதைக்கு இந்தப் பக்கம், கத்பர்டுடையது அந்தப் பக்கம். மனைவி இறந்த பிறகு அவர் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் போனார். வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பார். தோட்டத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் கையில் இருப்பதைத் தூக்கியிருப்பார்.

சந்தேகப்படுவது எங்கள் ஊரில் குணக்கேடு அல்ல. செப்டம்பரில், வெங்காயத்தாள் இனத்தைச் சேர்ந்த லீக்ஸ் வளர்ப்பில் போட்டி நடக்கும். குழந்தையின் கை அளவு தடித்த லீக்ஸ் தண்டுகளை வளர்த்து மேசையில் பரப்புவோம். போட்டிக்கு முந்தின வாரம் எதிராளி கத்தியோடு வந்துவிடுவான் என்ற பயத்தில், கருவிகள் வைக்கும் தோட்டக் குடிசையிலேயே படுத்துக் காவல் காத்தவர்கள் உண்டு. ஆனாலும் மற்றவர்கள் வருஷத்தில் ஒரு வாரம் செய்ததைக் கத்பர்ட் வருஷம் முழுக்கச் செய்தார்.

எங்களிடம் ஒரு வழக்கமும் உண்டு. வயதாகித் தோட்டத்தை விடுகிறவன் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். தன் மண்வெட்டியைக் கழுவி, பக்கத்துத் துண்டுக்காரரின் குடிசைக் கதவில், தகடு மேலே தெரிய, தலைகீழாகச் சாத்திவிட்டுப் போவான். பார்த்தவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்பது சாவு வீட்டில் காரணம் விசாரிப்பது போல. தோட்டச் சங்கச் செயலாளர், காத்திருக்கும் அடுத்த ஆளுக்குச் சொல்லியனுப்புவார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மார்ச்சில் கத்பர்டின் வலது தோள் மக்கர் செய்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். காலால் மிதித்து இறக்கும் பழைய அகல மண்வெட்டி. தேய்ந்து தேய்ந்து விளிம்பு பிறை மாதிரி ஆகிவிட்டது.

“இதைத் தூக்கிப் பாரு.”

தூக்கினேன். “ஏன், என்ன?”

“கனம் கூடிடுச்சு.”

“தேஞ்சுபோன இரும்பு எப்படிப்பா கனம் கூடும்?”

“இரும்பு இல்ல. மரம். குளிர்காலம் பூரா தண்ணி குடிச்சிருக்கு. இல்லாட்டி யாரோ பிடியை மாத்தி வச்சிருக்கான்.”

“உன் பிடியைத் திருடிட்டு வேற பிடி போட்டுட்டுப் போக எவனுக்கு நேரம் இருக்கு?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்” என்றார், மிகவும் தீவிரமாக.

உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படு, கடைசியில் சந்தேகப்படுகிற நீ மட்டும் மிஞ்சுவாய் என்று சொல்கிற தத்துவத்தை நான் இரவல் நூலகப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். கத்பர்டிடமும் கடைசியில் மிஞ்சியது கத்பர்ட்தான். தட்டிப் பார்க்க மறந்த ஒரே பாறை அது.

மண்வெட்டியைச் சோதிக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்துத் துண்டுக்காரி டோரீன் லம்ஸ்டன் லீட்ஸ் நகரத்திலிருந்து குடிவந்தவள். நல்ல தோள், ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. அவள் ஒரு வாரம் தோண்டட்டும், தூரத்திலிருந்து பார்த்தால் தப்பு மண்வெட்டியிலா என்று தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஒரு வாரம் வைத்துத் தோண்டு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, ஒரு மழை நாளில் அதைக் கழுவி அவள் குடிசைக் கதவில் சாத்தினார். ஈர மண்ணில் விளிம்பை ஊன்றினால் துருப்பிடிக்கும் என்பதால் தகடு மேலே இருக்கும்படி வைத்தார். வழக்கம் அவர் நினைவுக்கே வரவில்லை. அது தோட்டத்தை விடுகிறவர்களுக்கான வழக்கம். தனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். பாதிக்குமேல் கிண்டாமல் கிடந்த அவருடைய நிலத்தைப் பார்த்து, பாவம், ஒருவழியாக ஒத்துக்கொண்டாரே என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து எல்லோரும் அவரிடம் அன்பாக இருக்க ஆரம்பித்தார்கள். சதி நடக்கிறது என்பதற்குச் சந்தேகக்காரனுக்கு அதைவிடப் பெரிய அடையாளம் வேறு வேண்டாம். யாரோ அவர் குடிசைப் படியில் வீட்டில் சுட்ட பழக் கேக் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் அதைத் தொடவில்லை. குருவிகளுக்குப் போட்டு, குருவிகள் சாகின்றனவா என்று பார்த்தார். வழியில் அவரைக் கண்டவர்கள் பேச்சைத் தாழ்த்தினார்கள். அவர் இல்லாதபோது யாரோ உள்ளே வருகிறார்கள் என்று தோன்றியதால், அடுப்புச் சாம்பலை வாசலில் மெல்லியதாகத் தூவி வைத்தார். காலையில் தடம் விழுந்திருந்தது.

என்னை இழுத்துப்போய்க் காட்டினார். “பாரு. குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு. ரட்டரோட பூட்ஸ்.”

மால்கம் ரட்டர்தான் எங்கள் செயலாளர். அடுத்து வருகிறவருக்காக நிலத்தை அளந்து பார்க்க வந்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது.

“வந்தா வந்துட்டுப் போறாரு. அவரு வேலை அது” என்றேன்.

“என் நிலத்துல அவருக்கு என்ன வேலை?”

நான் தரையைப் பார்த்தேன். “எல்லாரும் ஒருநாள் விட்டுத்தானேப்பா ஆகணும். மரியாதையா விடுறது நல்லது.”

அவர் குடிசைக்குள் போனார். “அப்போ நீயும் அவனுங்க ஆளுதான்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வருத்தப்பட்டேன், ஆனால் ‘நிஜமாகவே விடுகிறாயா?’ என்று கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை, வழக்கம் தடுக்கிறது என்று கேட்காமல் விட்டேன். மரியாதை என்று நாங்கள் சொன்னதில் பாதி சோம்பல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரட்டர் ஓர் இளம் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கத்பர்டின் லீக்ஸ் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, இங்கே ஸ்ட்ராபெரி போடலாம் என்று கணவனிடம் காட்டிக்கொண்டிருந்தாள். கத்பர்ட் கையில் மண் கிளறும் கிண்டுமுள்ளோடு வெளியே வந்தார்.

“மால்கம், இவங்க யாரு? என் மண்ணுல ஏன் நிக்கிறாங்க?”

“கத்பர்ட், பொறுமை. நீ போறதுக்கு முன்னாடி ஒரு தரம் பார்த்துக்கட்டும்னுதான்…”

“எங்க போறேன்?”

“அதை நான் எப்படிக் கேக்க முடியும்?”

“கேளேன்! வாய் இல்லையா உனக்கு? ராத்திரி என் சாம்பல்ல பூட்ஸ் வைக்கத் தெரியுதுல்ல!”

ரட்டர் முகம் சிவந்தது. “நீதானேய்யா மண்வெட்டியைத் தலைகீழா சாத்தின! தோட்டமே பார்த்துச்சு!”

கத்பர்ட் கிண்டுமுள்ளை மண்ணில் ஊன்றினார். பிறகு, “அது சோதிக்கக் குடுத்தது” என்றார். “மரம் தண்ணி குடிச்சிருக்கான்னு பார்க்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் டோரீனைப் பார்த்தார்கள். அவள் மண்வெட்டியோடு வேலியருகில் நின்றாள். பொய் சொல்லி அவரைக் காப்பாற்றுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அது வேண்டும் என்றும் நினைத்தேன்.

“மிஸ்டர் ஹெட்லி,” என்றாள், “இது அருமையான மண்வெட்டி. கனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதால தோண்ட முடியலைன்னா குறை உங்க தோள்ல.”

“நிச்சயமா சொல்றியா, கண்ணு?”

“தட்டியும் பார்த்தேன். கணீர்னு கேக்குது.”

அவர் ஒத்துக்கொண்டது அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான். மெதுவாகத் தோளைத் தடவினார். ரட்டர் இதுதான் சமயம் என்று விதியைச் சொன்னார். சாத்தியது தப்புத்தான், சரி. ஆனால் நிலத்தில் முக்கால் பங்கு பயிரில் இருக்க வேண்டும். மே மாதக் கடைசியில் குழு அளக்கும். குறைந்தால், கிண்டாமல் கிடக்கும் பகுதி இந்தத் தம்பதிக்கு.

டோரீன் தன் குடிசையிலிருந்து ஒரு குறுகலான மண்வெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். தகடு கையகலம்தான், பிடி நீளம். எங்கள் ஊரில் அதைப் பொம்பளை மண்வெட்டி என்பார்கள். எந்தச் சுரங்கக்காரனும் அதைப் பிடித்து நின்றதில்லை. பாதையோரத்தில் ஒருவன், “அப்படியே சமையக்கட்டு ஏப்ரனும் குடுத்துருங்க!” என்று கத்தினான்.

கத்பர்ட் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்வெட்டியை வாங்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்து ரேகையைப் பார்த்தார். பட்டையையும் ஆணியையும் தடவினார். மிதிக்கிற இடத்தில் இரும்பு மடிந்திருக்கிறதா, கால் வழுக்குமா என்று பூட்ஸை வைத்துப் பார்த்தார். தட்டிக் கேட்டார். பொய் சொல்வான் என்று நினைத்த வியாபாரியை நேர்மையானவன் என்று கண்டுகொண்டவர் போல, கொஞ்சம் ஏமாற்றத்தோடு, “இதுல குறை இல்ல” என்றார்.

அன்றைக்கே தொடங்கினார். சின்னச் சின்ன வாயாக மண் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்தார். தோண்டிய இடத்தில் களையெடுக்க, முன்னால் தள்ளும் நீளப்பிடிக் களைக்கொட்டு ஒன்று வாங்கி வந்தார். நிமிர்ந்தபடியே தள்ளலாம், தோளுக்கு வேலை இல்லை. அதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்கக் கடையில் நின்றாராம். ஏப்ரன் என்று கத்தியவனுடைய தண்ணீர்த் தொட்டியில் செத்த எலி கிடந்ததற்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது, சந்தேகம் உண்டு.

மே கடைசியில் குழுவின் சார்பில் ரட்டர் வந்தார். கத்பர்டால் முடிந்தது பாதிக்குமேல்; முக்காலுக்குக் கீழே. வேலியோரம் ஒரு பட்டை இன்னும் புல்லாகவே கிடந்தது. ரட்டர் காலடியால் அளக்க ஆரம்பித்தார்.

“நிறுத்து” என்றார் கத்பர்ட். “உன் கால் நீளம். நீ அளந்தா என் பயிர் சின்னதாகும்.”

“புல்லையும் அதே காலாலதானேய்யா அளக்கிறேன்?”

“அது எனக்குத் தெரியாது. நான் அளக்கிறேன்.”

யார் காலால் அளந்தாலும் பங்கு மாறாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. கத்பர்ட் நிலத்தின் தலைமாட்டிலிருந்து லீக்ஸ் பள்ளத்தைத் தாண்டி, பீன்ஸ் கொடிகளைத் தாண்டி, உதடு அசைய நடந்தார். பயிர் முடிந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றினார். புல்லையும் அதேபோல் அளந்தார். வேலியருகே நின்று விரல்களால் கணக்குப் போட்டார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து அளந்தார்.

தம்பதி பாதையில் காத்து நின்றார்கள்.

“குறையுது” என்றார் கடைசியில். ரட்டர் சொல்லியிருந்தால் கோடைகாலம் முழுக்கச் சண்டை போட்டிருப்பார். தன் காலே சொன்னதால் மறுபேச்சில்லை. நூலை எடுத்து வந்து புல் பட்டைக்கும் தன் பயிருக்கும் நடுவில் அவரே எல்லை கட்டினார். அந்த இளைஞன் ஒரு முனையைப் பிடிக்க முன்வந்தான்.

“நீ பிடிக்க வேணாம்” என்றார் கத்பர்ட். “இழுத்துடுவ.”