எனக்குத் தெரியாமல் கௌரம்மா படித்த ஐந்தாம் பாகம்

கௌரம்மா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் ரேஷன் கடையில் கைரேகை மெஷினில் விரலை வைத்திருந்தேன். இடது கையில் இருந்த போனில் அவளுடைய மருமகள் மஞ்சுளா, "பெரியம்மா, அத்தை காலைல போயிட்டாங்க" என்றாள். "விரலை எடுக்காதீங்கம்மா, மறுபடி மொதல்லேர்ந்து வெக்கணும்" என்றார் கடைக்காரர். எடுத்துவிட்டேன். பாகலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பையையும் கார்டையும் கடையிலேயே விட்டு வந்தது தெரிந்தது.

அது முதல் செய்தி. இரண்டாவது செய்தி அவளுடைய காரியத்தன்று வந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நம் வாசகர் வட்டத்தில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நல்லபடியாகவே எழுதியிருக்கிறீர்கள். நேர்மையானவள், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள் என்று ஆளுக்கு ஒரு பக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் மத்தூரில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். என் பேத்தி பொறியியல் படிக்கிறாள். இதைத் திருத்தித் தருகிறேன் என்றாள். அவளைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் கௌரம்மாவைப் பற்றி நான் எழுதுவதில் வேறு யார் கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெதுவாகப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். படித்ததை மறக்க மாட்டேன்.

அவளை நான் முதலில் கவனித்தது நம் வட்டத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில். விண்வெளிக் கப்பல் கதை ஒன்றைப் பற்றிப் பேச்சு. கப்பலில் எல்லோரும் பெட்டிக்குள் படுத்து நூறு வருஷம் தூங்குவார்கள், எழுந்தால் புது உலகம். எல்லோரும் ஆகா என்றார்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்கக் கூச்சம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அதையே கேட்டது: "எல்லாரும் தூங்கிட்டா நைட் ஷிஃப்ட் யாரு பாத்தது சார்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்க மட்டும் சிரிக்கல அக்கா, ஏன்?"

"அதையேதான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்."

"ஹௌதா?" என்றாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், ஆச்சரியம் வந்தால் மட்டும் 'அப்படியா' என்கிற அந்தச் சொல் வெளியே வரும். பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு கட்டுகிற வேலை என்று சொன்னாள். விரல் எல்லாம் முள் கீறல்.

அன்றிலிருந்து எங்கள் படிப்பு தொடங்கியது. எனக்கு மாயாஜாலக் கதைகள் பிடிக்கும், அவளுக்கு அறிவியல் கதைகள். ஒன்றை அவள் சொல்வாள், ஒன்றை நான். வெள்ளைக்காரர் கதைகளின் மொழிபெயர்ப்பில் பெயர்கள் நாக்கில் நிற்காது. ஆகையால் கப்பல் கேப்டனுக்கு அவள் பண்ணையின் மேஸ்திரி பெயரை வைத்துக்கொள்வோம், சூனியக்காரிக்கு என் சம்பந்தியம்மா பெயரை. மனிதனாக வேண்டும் என்று ஒரு இயந்திரம் அழுகிற கதையை நான் கண்ணீரோடு அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வந்து, "இதுக்கா அழுதே? எங்க சூப்பர்வைசர் எங்களை மெஷின் ஆவுங்கன்றான். அது பாட்டுக்கு மெஷினா இருந்துட்டுப் போவட்டும், நிம்மதி" என்றாள். காலத்தில் பின்னோக்கிப் போகிற கதைகளைப் பற்றி அவள் சொன்னதை மட்டும் நான் இன்றுவரை மறுத்துப் பேசியதில்லை. "பின்னாடி போறவன் எல்லாம் ராஜாவைப் பாக்கத்தான் போறான் அக்கா. செத்துப்போன அம்மாவைப் பாத்துட்டு வரலாம்னு ஒருத்தனுக்கும் தோணல."

என் கட்சி வேறு. மந்திரம் சும்மா வரக்கூடாது. கையை வீசினால் மலை நகர்கிறது என்றால் அது கதையே இல்லை. நகர்த்தியவனுக்கு ஏதாவது வலிக்க வேண்டும், ஏதாவது போக வேண்டும். கதைக்காரர் ஒரு சட்டம் சொன்னால் அந்தச் சட்டத்தைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். அந்த விதத்தில் எனக்குப் பிடித்தது 'நிலவடிப் பட்டணம்' என்ற ஐந்து பாகக் கதை.

அதைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு உலகங்களுக்கு நடுவில் ஓர் ஆறு. அதில் ஓடம் தள்ளுகிறவள் மருதி. ஒவ்வோர் ஆளையும் அக்கரை சேர்க்கும்போது ஆறு அவள் நினைவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். அரசர்கள் போவார்கள், மந்திரவாதிகள் போவார்கள். நான்காம் பாகம் முடிவதற்குள் அவளுக்குப் பெற்ற தாயின் முகம்கூட மறந்துவிடும். ஆனால் ஒரு சட்டம் உண்டு. ஓடக்காரி தனக்காகக் கரை சேர வேண்டும் என்று ஆற்றிடம் கேட்டால், ஆறு எதையும் எடுக்காமல் அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

எங்களிடம் ஒவ்வொரு பாகமும் ஒரே பிரதிதான். அவள் வேகமாகப் படிப்பாள், எனக்கு நேரம் ஆகும். அதனால் புதுப் புத்தகம் வந்தவுடன் பூ நறுக்குகிற கத்தியால் முதுகைக் கீறி அதைச் சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து, ரோஜாவுக்குப் போடுகிற ரப்பர் பேண்டை மாட்டிவிடுவாள். கட்டுகள் எல்லாம் என் வீட்டில் இருக்கும். ஒரு கட்டை அவள் படித்து, நான் படித்து, இரண்டு பேரும் பேசிச் சண்டை போட்ட பிறகே அடுத்த கட்டுக்கு அவள் கை நீட்டலாம். இருவரில் யாரும் மற்றவரை விட்டு முன்னால் போகக்கூடாது. அது அவளே போட்ட விதி. "முடிவு தெரிஞ்சவகிட்ட என்ன பேச்சு அக்கா இருக்கு?" என்பாள்.

நான்காம் பாகத்திலிருந்தே மருதிக்காக எங்களுக்குள் சண்டை. மருதி கேட்பாள், வீட்டுக்குப் போவாள் என்பது என் கட்சி. அதற்கில்லையென்றால் அந்தச் சட்டத்தைச் சொன்னது எதற்கு?

"சட்டம் எழுதி வெச்சா நடந்துடுமா? எங்க பண்ணை சுவத்துல எத்தனை ஒட்டியிருக்கு, வந்து பாரு."

"இது கதைடி. கதையில நடக்கணும்."

"அவ கேக்க மாட்டா அக்கா. கேக்கலாம்னே அவளுக்குத் தோணாது. ஷிஃப்ட் முடிஞ்சாலும் இன்னும் ஒரு பெட்டி கீதேன்னு நிக்கறவ நானு. எனக்குத் தெரியாதா?"

"நீ வேற, அவ வேற."

"பாரேன். கடைசி ஆளை எறக்கி வுட்டுட்டு அவ ஆத்தோட போயிடுவா."

ஐந்தாம் பாகம் வந்தது. கட்டுப் பிரித்தாள். படிக்கத் தொடங்கும் முன் அவள் உடம்பு கெட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் வெகுநாள் இருந்தாள். திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். "கண்ணு வலிக்குது அக்கா, நீ படி, நான் கேக்கறேன்" என்றாள்.

நான் பிறர் முன்னால் வாய்விட்டுப் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் படித்ததோடு சரி. முதல் நாள் எழுத்துக் கூட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தேன். அவள் சுவரில் சாய்ந்து கேட்டாள். ஓடத்தில் பாம்பு ஏறிய இடத்தில் "அய்யோ" என்று என் முழங்கையைப் பிடித்தாள். மந்திரவாதியின் வேஷம் கலைந்த இடத்தில் "ஹௌதா!" என்றாள். போகப் போக எனக்குக் குரல் வந்தது. அரசனுக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல் என்று படித்தேன். எழுபது வயதுக்கு மேல் நமக்கு இப்படி ஒன்று வருமா என்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே சிரித்துக்கொள்வேன்.

கடைசிக் கட்டுக்கு முந்தின கட்டை முடித்த அன்று அவள் அதை என் கையிலிருந்து வாங்கி ரப்பர் பேண்டை மாட்டினாள். பிறகு சொன்னாள்: "நீ சொல்றதுதான் சரி அக்கா. அவ கேப்பா. கேட்டுட்டு வீட்டுக்குப் போவா."

"ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன். நீ ஜெயிச்சே."

இத்தனை வருஷப் பேச்சில் நான் அவளை ஜெயித்தது அந்த ஒரு முறைதான். வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். மறுநாள் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு ஊட்டினேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "ஜெயிச்சவ கேசரி, தித்திக்கத்தான் செய்யும்" என்றாள். கடைசிக் கட்டைத் திறப்பதற்குள் போய்விட்டாள்.

காரியத்தன்று அவளுக்குப் பிடித்ததை எல்லாம் படத்தின் முன் படைத்திருந்தார்கள். ராகிக் களி, கீரைச் சாறு, ஒப்பட்டு என்கிற போளி. இலைக்குப் பக்கத்தில் 'நிலவடிப் பட்டணம்' ஐந்தாம் பாகம். முழுப் புத்தகம். முதுகில் கத்தி படவில்லை. ஆனால் படித்துப் படித்து மடிப்பு விழுந்திருந்தது, கடைசிப் பக்கம்வரை.

"மஞ்சு, இது யாருது?"

"அத்தையோடதுதான் பெரியம்மா. ஆஸ்பத்திரில இருக்கறப்ப வாங்கியாரச் சொன்னாங்கோ. ரெண்டு தரம் படிச்சாங்களே. உங்ககிட்ட சொல்லலயா?"

நான் சாப்பிட உட்காரவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மஞ்சுளா வாசலுக்கு ஓடிவந்தாள். "நீங்க படிக்கறதைக் கேக்க ஆசைப்பட்டிருப்பாங்க பெரியம்மா" என்றாள். நல்ல பெண். என்னைச் சமாதானம் செய்யத்தான் சொன்னாள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம்.

அவள் எனக்கு முந்திப் படித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவளுக்கு என் வேகத்துக்குக் காத்திருக்க முடியாது, அது எனக்குப் புரியாதா? "அக்கா, படிச்சிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படித்துவிட்டுப் படிக்காதவள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, பாம்பு வரும் என்று தெரிந்தே என் முழங்கையைப் பிடித்தாளே, அதுதான். நான் என் குரல் என்று நினைத்துப் பெருமைப்பட்டது எல்லாம் அவளுடைய நடிப்பா? நான் ஜெயித்ததும், மருதி பிழைப்பாள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்ததால்தானா? விடை தெரிந்தவள் கட்சி மாறினால் அது தோல்வி ஆகுமா?

இந்தக் கோபத்தோடு அன்று மத்தியானமே கடைசிக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன்.

மருதி பிழைக்கவில்லை. கடைசிப் பயணத்தில் ஆறு அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தச் சட்டத்தின் நினைவை. கேட்கலாம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. ஆளை இறக்கிவிட்டு, துடுப்பைப் பிடித்தபடி நின்றாள். ஓடத்தோடு ஆற்றில் போனாள். கௌரம்மா பண்ணைப் பேச்சில் சொன்னது அப்படியே அச்சாகியிருந்தது.

அப்படியானால் அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை தெரியும். தான் ஜெயித்தது தெரிந்துகொண்டே "நீ ஜெயிச்சே" என்றாள். என் கேசரியை வாங்கிச் சாப்பிட்டாள். இது முன்னதைவிடப் பெரிய துரோகம். நான் யாரிடமும் எதையும் இலவசமாக வாங்கிப் பழக்கம் இல்லாதவள், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கதையைப் பற்றிப் பேசும்போது எனக்காக வளைந்து கொடுக்காத ஒரே ஆள் அவள்தான் என்று இருந்தேன். படிக்காத பாட்டி என்று இங்கே சிலர் என் அபிப்பிராயத்துக்குத் தலையாட்டுவீர்கள். அவள் ஒருநாளும் ஆட்டியதில்லை. சாகப்போகிற நேரத்தில் அவளும் ஆட்டிவிட்டாள்.

ஆகையால் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். மருதி விஷயத்தில் நான் ஜெயிக்கவில்லை. கௌரம்மா சொன்னதுதான் நடந்தது. அவளுடைய வெற்றியை அவளிடமே கொடுத்துவிட்டேன், யாரும் இனி என் பெயரில் அதைச் சொல்ல வேண்டாம்.

நான் அவளிடமிருந்து வைத்துக்கொள்வது அவள் கற்றுத் தந்த அந்தப் பிடிவாதத்தை. கதையில் நடந்துவிட்டது என்பதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. ஒரு பெண்ணின் நினைவை எல்லாம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியையும் மறக்கவைத்து, அதை அழகான முடிவு என்று எழுதியவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த முடிவு தப்பு. இதை நான் யாரிடம் சொன்னாலும் சரி சரி என்பார்கள். இல்லை என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

மருதி கேட்டிருக்க வேண்டும், கௌரா. நீ சொல்லியிருக்க வேண்டும்.